கரிசல் சாலைகளுக்கு அடிமண் சிகிச்சை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் வட்டாரங்களின் கரிசல் காட்டுச் சாலைகள் தார் போட்ட சில ஆண்டுகளிலேயே பிளந்துவிடும்போது, பழி தாரின் மீதே விழுகிறது. உண்மையில் கோளாறு, தாருக்குக் கீழே சாலையைத் தாங்கும் அடிமண்ணில்தான் இருக்கிறது. கோடையில் அச்சாலைகளை நடந்து பார்த்தால், வெடிப்பு பெரும்பாலும் ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் ஓடுவதையும், பக்கத்து நிலம் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாகப் பிளந்து கிடப்பதையும் காணலாம். கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் தன் அடுக்குகளுக்கு இடையே நீரை இழுத்துப் புடைக்கிறது, காய்ந்தால் சுருங்குகிறது. சாலையோர மண்தான் முதலில் காய்வதும், ஐப்பசி மழையில் முதலில் ஊறுவதும்.

உலர்ந்த மண்ணின் எடையில் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை, மண்ணின் தன்மைக்கேற்பச் சுண்ணாம்பு கலப்பது இதற்கு நன்கு சோதிக்கப்பட்ட வழியாகும். சுண்ணாம்பின் கால்சியம் களித்துகள்களில் ஒட்டியுள்ள சோடியத்தை விலக்கி அமர்ந்துகொள்வதால், காலில் அப்பும் களி விரைவிலேயே பொலபொலப்பாகி ரோலருக்கு இணங்கும். வலிமை அதற்குப் பிறகே வரும். காரத்தன்மை மிகுந்த அச்சூழலில் மண்ணின் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, சுண்ணாம்புடன் சேர்ந்து, சிமெண்டில் உண்டாவதைப் போன்ற பிணைப்பாக மாதக்கணக்கில் இறுகும். தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலையும் துணைக்குச் சேர்க்கலாம். சுண்ணாம்புச் சத்து குறைந்த அச்சாம்பலைத் தனியாக இட்டால் பெரிய பயனிராது.

எனினும், சோதிக்காமல் சுண்ணாம்பைக் கொட்டுவது ஆபத்து. ஜிப்சம் போன்ற சல்பேட் மிகுந்த மண்ணில் அது எட்ரிங்கைட் என்னும் படிகத்தை உண்டாக்கி, புடைப்பை முன்பைவிட மோசமாக்கிவிடும். காற்றுபடக் கிடந்த பழைய சுண்ணாம்பு கரியமில வாயுவை ஏற்று வீரியம் இழந்திருக்கும். கட்டிகளை உடைக்காமல் மேலாகத் தூவி ரோலர் ஓட்டுவதும் பணத்தை மண்ணில் போடுவதே.

ஆகவே, ஒவ்வொரு கரிசல் சாலையின் திட்ட மதிப்பீட்டிலும் புடைப்புச் சோதனை, சல்பேட் சோதனை, மண்ணின் தாங்குதிறனை அறிய நான்கு நாள் நீரில் ஊறவைத்துச் செய்யும் சி.பி.ஆர். சோதனை ஆகியவற்றின் முடிவுகளை இணைக்க வேண்டும். புடைப்புக் குறியீடு, அதாவது நீரில் இட்ட மண்ணின் கன அளவு கூடும் விகிதம், 50 சதவீதத்தைத் தாண்டினால், ஓரங்களையும் சேர்த்து அடிமண்ணைச் சீர்செய்வதற்கான செலவை மதிப்பீட்டிலேயே ஒதுக்க வேண்டும். இப்பணியை ஆவணிக்குள் முடித்து, கலந்த மண் ஒரு வாரமாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சோதனை முடிவுகளைக் கிராம சபைக் கூட்டத்தில் படித்துக் காட்டவும் அதிகாரிகள் முன்வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொறியாளர் ஒருவர்,
திருமங்கலம்.