கடலூர், புதுச்சேரி கறிக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கறிக்கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் பாய்மார்களுக்கும், வேப்பூர் வெள்ளிச் சந்தையில் ஆடு பிடிக்கும் வியாபாரிகளுக்கும் வணக்கம்.

நான் கறி சாப்பிடுகிறவன். உங்கள் பிழைப்பைக் குறை சொல்ல வரவில்லை. அடிக்கும் நேரம் வரை அந்தக் குட்டி படுகிற பாட்டைக் குறைக்க உங்களால் முடியும். அதைச் செய்யுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இந்தப் பேச்சை எடுத்தாலே நம் பக்கத்தில் இரண்டு பதில்கள் வரும். உயிரைக் கொல்வதே தவறு, அதில் நல்லபடி வைத்துக் கொல்வது என்ன என்பார்கள் சன்மார்க்க அன்பர்கள். வடலூரில் வள்ளலார் 1867இல் தருமசாலை தொடங்கிய மாவட்டம் இது. அந்தக் குரலை நான் மறுத்துப் பேச மாட்டேன். அவர் நினைவாகத் தைப்பூசத்தன்று கடைகளை மூடுகிறோம், சரி. மறுநாள் கடை திறக்கும்போது வாசலில் நிற்கும் ஆட்டைப் பற்றித்தான் என் கவலை.

இன்னொரு பதில், "நாளைக்கு வெட்டப்போற ஆட்டுக்கு இன்னைக்கு நிழல் எதுக்கு?" என்பது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கழுத்தில் கத்தி படுகிற நேரம் கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமை வாங்கிய குட்டி ஞாயிறு காலை வரை தாகத்தோடு நிற்கிறதே, அந்த நேரம் முழுக்க அதற்கு உயிர் இருக்கிறது, வலி தெரிகிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடை வாசலில் பார்த்தேன். செம்மறிக் குட்டி. கம்பத்தில் முழக் கயிற்றில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கீழே பூவரசங்குழை கிடந்தது, குனிந்தால் எட்டவில்லை. முன்னங்காலை மடக்கி மடக்கிப் பார்த்தது. இரண்டடி தள்ளி இன்னொரு ஆட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். குட்டி கத்தக்கூட இல்லை, வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு நின்றது. பால்குடி மறந்த குட்டிதானா என்பதே சந்தேகம்.

ஊர் ஊராக ஆடு ஓட்டிப் போய், அறுவடை முடிந்த வயலில் கிடை போடும் கீதாரிகளைப் பாருங்கள். பெரிய ஆடுகள் மேயப் போகும்போது பால்குட்டிகளைக் கொடாப்பு என்கிற கூடைக் கூண்டுக்குள் விட்டு, வெயிலும் நாயும் அண்டாமல் காக்கிறார்கள். அவர்களும் கடைசியில் கறிக்குத்தான் விற்கிறார்கள். விற்கிற குட்டிதானே என்று வெயிலில் விடுவதில்லை.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. மூன்று மாதம் ஆகாத குட்டியையும், சினை ஆட்டையும், மூன்று மாதத்துக்குள் குட்டி ஈன்ற தாயையும் அடிக்கக் கூடாது என்கின்றன 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள். ஓர் ஆட்டின் கண்முன் இன்னொன்றை அடிப்பதும் கூடாது. 'இளங்கறி' என்று பலகை வைப்பவர்கள் அந்த மூன்று மாதக் கணக்கை மனதில் வையுங்கள். 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிப்படி நாலரை, ஐந்து டன் லாரியிலேயே நாற்பது ஆடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. அப்படியென்றால் குட்டியானை வண்டியில் எத்தனை ஏற்றலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடு பார்க்கக் கத்தி தீட்டக் கூடாது என்று இந்தச் சட்டங்களுக்கெல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உங்கள் மார்க்கம் சொல்லிவிட்டது.

தொழிலுக்கும் இதுதான் நல்லது. பயந்து, களைத்துப்போன ஆட்டின் தசையில் இருக்கும் சர்க்கரைச் சத்து முன்கூட்டியே தீர்ந்துபோகும். அடித்த பிறகு கறியில் ஏற வேண்டிய அமிலம் ஏறாது. கறி கறுத்து, இறுகி, சீக்கிரம் கெடும். தண்ணீர் இல்லாமல் நின்ற ஆட்டின் எடையும் குறையும். நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஒரு கீற்றுப் பந்தல், ஒரு வாளித் தண்ணீர், படுத்து எழும் அளவுக்குக் கயிறு. இதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. காலைக் கட்டி பைக்கில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டு வராதீர்கள். வாங்கும்போதே குட்டிக்கு எத்தனை மாதம் என்று கேளுங்கள், குறைவென்றால் திருப்பி அனுப்புங்கள். கடை வாசலில் அடிக்காமல் ஆட்டுத்தொட்டியில், அதாவது இறைச்சிக்கூடத்தில் அடித்து, மருத்துவர் பார்த்து முத்திரை வைத்த கறியாகவே கொடுங்கள். உங்கள் ஊர்த் தொட்டியில் இடமோ தண்ணீரோ போதவில்லை என்றால் மனு எழுதுங்கள், வாடிக்கையாளர்கள் நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம். இதனால் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடினாலும் கொடுக்கிறேன், என்னைப் போலக் கொடுக்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள்.

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வேப்பூரில் கூட்டம் நெரியும். விருத்தாசலம், வடலூர் வழியாக வண்டி வண்டியாகக் குட்டிகள் வரும். அன்றைக்கு ஏற்றும் முதல் வண்டியிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறுதோறும் உங்கள் கடைக்கு வருகிற ஒருவன்,
கடலூர்