பயணக் கட்டில் வாங்கியவர்களுக்கும் வாங்கப்போகிறவர்களுக்கும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நடுவில் முறிந்து கிடக்கும் மடக்குக் கட்டிலின் படம், "போலிச் சரக்கு" என்ற பேச்சோடு பைக் ரைடர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது நம் கடையில் விற்ற கட்டில்தான். படத்தைப் பார்த்ததும் கோபப்படாமல் நேரே கடைக்குப் போன் செய்து விசாரித்தவர்களுக்கு முதலில் நன்றி. அந்த நம்பிக்கைக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறோம்.

படத்தைவிட எங்களை அதிகம் சுட்டது அதனுடன் வந்த வரி. "என் வெயிட்தான் காரணம் என்று கடையில் சொன்னார்கள்" என்று அந்தக் கட்டிலை வாங்கியவர் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு பதில் எங்கள் தரப்பிலிருந்து போனது உண்மை, போயிருக்கக் கூடாது. அவர் எடை 118 கிலோ. பெட்டியில் அச்சிட்டிருந்தது 150 கிலோ. அந்த எண்ணை நம்பித்தான் அவர் பணம் கொடுத்தார். அப்படியிருக்க, எடையைக் குறை சொல்ல எங்களுக்கு ஒரு நியாயமும் இல்லை. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். உடல் கனமானவர் கட்டில் கேட்டு வந்தால் அவருக்கு ஏற்ற கட்டிலை எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

ஆனால் "போலிச் சரக்கு" என்ற சொல்லை எங்களால் ஏற்க முடியவில்லை. முறிந்த குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தோம். முறிவு குழாயின் நடுவில் இல்லை, இரண்டு துண்டுகள் சேரும் வாயில் இருக்கிறது. வாய் ஒரு பக்கமாகப் பிளந்து விரிந்திருக்கிறது. உள்ளே போகும் இணைப்புக் குழல் முழுதாக இறங்காமல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெளியே நின்றால் இப்படித்தான் ஆகும். முழுதாக இறங்கிய குழல், வளைக்கும் விசையைத் தன் முழு நீளத்திலும் பகிர்ந்துகொள்ளும். பாதி இறங்கினால் எல்லாம் வாயின் விளிம்பில் குவிந்துவிடும். டென்ட் கம்பிகள் பிளப்பதும் பெரும்பாலும் இதனால்தான். உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு தானாக இழுத்துப் பூட்டிவிடும் என்று நம்பிவிடுகிறோம். மணல் புகுந்தாலோ கயிறு தளர்ந்தாலோ அது பூட்டாது. ஒவ்வொரு இணைப்பையும் கையால் தள்ளி, "டக்" என்று முட்டும்வரை பார்த்த பிறகே துணியின் உறைக்குள் செருக வேண்டும். விற்கும்போதே இதைச் செய்து காட்டியிருக்க வேண்டியது நாங்கள். காட்டவில்லை. அது எங்கள் தவறு.

இனி அந்த 150 என்ற எண். பெட்டியில் இருக்கும் தாங்கு எடை, சமதரையில் எடையைப் பரப்பி மெதுவாக வைத்தால் தாங்குவது. நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வருகிறவர் அப்படிப் படுப்பதில்லை. பூட்ஸைக் கழற்ற ஓரத்தில் பொத்தென்று உட்காருவார். சட்டென்று விடப்படும் எடை, மெதுவாக வைத்த அதே எடையைப்போல் இரண்டு மடங்கு விசையைக் குழாயில் உண்டாக்கும். உயரத்திலிருந்து விழுந்தால் இன்னும் கூடும். அதுவும் முழுவதும் ஒரு பக்கக் குழாயில், இரண்டு கால்களுக்கு நடுவில். எனவே உங்கள் எடையோடு உடை, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் கூட்டி, அதற்கு மேல் குறைந்தது கால் பங்கு சேர்த்துத்தான் தாங்கு எடையைப் பாருங்கள். 100 கிலோ என்றால் 125, 118 என்றால் 150. அதற்கும் மேலே கிடைத்தால் நல்லது. பயணக் கட்டில் செய்யும் ஹெலினாக்ஸ் நிறுவனம் தன் 'லைட் காட்' என்ற கட்டிலுக்கு 120 கிலோ என்றும், 'காட் ஒன்' என்ற கட்டிலுக்கு 145 கிலோ என்றும் சொல்கிறது. நிறுவனம் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு கட்டில்கள். லைட் என்ற சொல்லைப் பார்த்து மயங்காதீர்கள், உடல் கனமானவருக்கு அது உதவாது.

எண்ணைவிடக் குழாயைத் தொட்டுப் பார்ப்பது மேல். ஒரே உலோகம், ஒரே சுவர்த் தடிமன் என்றால் 13 மி.மீ. குழாயைவிட 16 மி.மீ. குழாய் சுமார் ஒன்றரை மடங்கு தாங்கும். 7075 வகை அலுமினியம் 6061 வகையைவிட நிறையவே வலுவானது, விலையும் அப்படித்தான். வகை எண்ணையே சொல்லாமல் "ஏவியேஷன் கிரேடு" (விமானத் தரம்) என்று மட்டும் போட்டிருந்தால் அதற்குப் பொருள் ஏதும் இல்லை. அடுத்தது கால்கள். மூன்று வளைகால் (கட்டிலுக்குக் குறுக்கே வில்போல் வளைந்து நிற்கும் கால்) உள்ளதைவிட நான்கு உள்ளதில் நடுக்குழாய் தாங்க வேண்டிய இடைவெளி குறைகிறது. எங்களைக் கேட்டால், உடல் கனமானவர்கள் 300, 400 கிராம் கூடினாலும் நான்கு கால் கட்டிலையே எடுங்கள். வண்டிக்கு அந்த எடை ஒரு பொருட்டில்லை.

அகலம் 60 செ.மீ. என்றால் தோள் அகன்றவருக்குக் கைகள் இரண்டும் வெளியே தொங்கும், இரவெல்லாம் மரத்துப்போகும். 68 ஓரளவு, 75 என்றால் நிம்மதி. குழாய்க்கு மேல் யாரும் படுப்பதில்லை என்பதால் சொன்ன அகலத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் கழித்தே கணக்கிடுங்கள். உயரம் இன்னொரு தொல்லை. தாழ்வான கட்டில்கள் தரையிலிருந்து 15 செ.மீ. அளவில்தான் நிற்கும். துணி தொய்ந்ததும் இடுப்பு குறுக்கு வளைகாலில் முட்டும், விடிந்ததும் முதுகு பிடித்துக்கொள்ளும். படுத்தபடியே யாரையாவது கீழே கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்புக்கும் வளைகாலுக்கும் நடுவே மூடிய கை புக வேண்டும். புகவில்லை என்றால் அந்தக் கட்டில் உங்களுக்கு இல்லை, தாங்கு எடை எவ்வளவு எழுதியிருந்தாலும் சரி. முழங்கால் வலி உள்ளவர்கள் கால் நீட்டிப்புத் துண்டுகளை வாங்கிப் போட்டால் எழுந்திருக்க எளிது. ஆனால் உயரம் கூடக் கூடக் கட்டில் ஆடும், டென்டின் சரிந்த சுவர் தலையில் உரசும்.

கட்டிலில் படுத்தால் குளிராது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. அடியில் ஓடும் காற்று முதுகுச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் உடம்பால் நசுங்கிவிடுவதால் அது தடுக்காது. ஊட்டி மார்கழிக் குளிருக்கே கட்டிலுக்கு மேலே விரிக்க ஒரு மேட் வேண்டும், லடாக் என்றால் ஆர் மதிப்பு (குளிரைத் தடுக்கும் அளவு) 4க்குக் குறையாதது வேண்டும். காற்றடைக்கும் மேட் என்றால் மணாலியில் ஊதி மூடியதை அப்படியே கட்டிச் செல்லாதீர்கள். மணாலி–லே சாலையில் 4,000 மீட்டருக்கு மேலுள்ள சார்ச்சுவில் வெளிக்காற்றழுத்தம் குறைந்து மேட் உப்பிவிடும், தையல் விடும். வால்வைத் திறந்தே கொண்டுபோங்கள்.

வண்டியில் கட்டும்போது சைலன்ஸர் பக்கம் வேண்டாம், பை உருகிவிடும். பின் சீட்டில் குறுக்காக வைத்து, பங்கீ கயிற்றுக்கு (கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு) பதில் இரண்டு பட்டை ஸ்ட்ராப்களால் இறுக்குங்கள். குழாய்கள் ஒன்றோடொன்று உரசித் தேயாமல் நடுவில் பழைய டீசர்ட்டைச் சுற்றுங்கள். டென்டுக்குள் போடும்போது ஒவ்வொரு காலுக்கும் அடியில் சிறு பலகை அல்லது பிளாஸ்டிக் மூடி. இல்லாவிட்டால் தளத்துணி ஓட்டையாகும். மேடுபள்ளத்தில் போட்டால் ஒரு கால் அந்தரத்தில் நின்று சட்டம் முறுக்கிக்கொள்ளும். முழங்காலை ஊன்றி ஏறாதீர்கள். நடுவில் மெதுவாக உட்கார்ந்து, பிறகு சாய்ந்து படுங்கள்.

இதே மாடல் வைத்திருக்கும் எல்லோரும் பக்கக் குழாய்களைக் கொண்டு வாருங்கள், இணைப்புகளைச் சோதித்து, வாய் விரிந்திருந்தால் துண்டை இலவசமாக மாற்றித் தருகிறோம். எலாஸ்டிக் கயிறும் அப்படியே. டாலரும் சரக்குக் கட்டணமும் ஏறியிருப்பதால் புது விலை வரும் முதல் தேதியிலிருந்து, முன்பணம் கட்டியவர்களுக்கும் சேர்த்து.

கடையின் பின்கட்டில் நான்கு கட்டில்களை விரித்து வைத்திருக்கிறோம். யாரும் எடை கேட்கமாட்டார்கள். ரைடிங் ஜாக்கெட்டோடு வந்து, கால் மணி நேரம் படுத்து, இரண்டு பக்கமும் புரண்டு, பூட்ஸ் கழற்றுவதுபோல் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் மேட்டையும் கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

நன்றியுடன்,
உங்கள் கடையார்