கரையை உயர்த்தினால் மட்டும் கண்மாய் பெருகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை மாவட்டத்தில் நடக்கும் கண்மாய்த் தூர்வாரும் பணிகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த செய்திக் கட்டுரையைப் படித்தேன். எத்தனை கண்மாய், எவ்வளவு நீளக் கரை என்ற கணக்கெல்லாம் சரி. தண்ணீர் எங்கிருந்து வர வேண்டும் என்ற பேச்சையே காணோம்.

பாறைக்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம், உயிர்க்கோளம் என்று பிள்ளைகள் பரீட்சையில் தனித்தனியாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். மேலூர்ப் பக்கம் வந்து பார்த்தால் ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்க முடியாது. அரிட்டாபட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அங்கே மொட்டைப் பாறையில் மழையாகக் கொட்டுகிறது. வெடிப்பில் இறங்கியது சுனையாகத் தங்குகிறது; மீதி ஓடைகளில் இறங்கிக் கண்மாய்களுக்குப் போகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மழைநீரில் கரைந்து லேசான அமிலமாகிப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. அப்படிப் பொடிந்த பாறையும் மக்கிய இலைதழையும் சேர்ந்ததுதான் நாம் வண்டியில் அள்ளி வயலுக்கு அடிக்கும் வண்டல். அதே பாறை இடுக்கில் கூடு கட்டும் வல்லூறு, அடிவாரத்தில் எலியையும் ஓணானையும் பிடித்துத் தின்கிறது.

அந்த ஊர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் டங்ஸ்டன் சுரங்க ஏலப் பட்டியலில் வந்தது! ஊர்கள் திரண்டதால் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. பாறையைத் தோண்டினால் கண்மாய் என்னவாகும் என்று அந்த மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே நிலத்தடியில் பெரும்பாலும் கடினப் பாறை. மேலாக உள்ள மக்கிய பாறையிலும் அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான் ஊற்று. கண்மாய் பெருகினால் சுற்றுக் கிணறுகள் ஊறும். இல்லாவிட்டால் போர்வெல் இன்னும் ஆழத்துக்குப் போகும். தண்ணீர் பாறையோடு நெடுநாள் கிடந்தால் சில இடங்களில் ஃபுளோரைடு ஏறும், அது பிள்ளைகளின் பல்லில் பழுப்பாகத் தெரியும். நகரத்துக் கண்மாய்க்கு வேறு வியாதி. சாக்கடைச் சத்தைத் தின்று ஆகாயத்தாமரை மூடுகிறது, அடியில் பிராணவாயு குறைந்து மீன் சாகிறது, அழுகும் சேற்றிலிருந்து மீத்தேன் காற்றில் கலக்கிறது. கரையில் நடைபாதையும் விளக்கும் போட்டுவிட்டால் இதில் எது நிற்கும்?

வைகை அணையும் தப்பவில்லை. வருசநாட்டு மலையில் மரம் போனால் மண் அணைக்குத்தான் வரும். 71 அடி நிரம்பியது என்று செய்தி போடும்போது, அடியில் படிந்திருக்கும் வண்டலையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

நிர்வாகத்தில் கதை வேறு. மலையில் கல் எடுக்க அனுமதி தருவது கனிமவளத்துறை, காடு வனத்துறைக்கு. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத்துறைக்கு, அதற்குச் சின்னது ஊராட்சி ஒன்றியத்துக்கு. நடுவில் கிடக்கும் ஓடைக்கும், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய்க்கும் கேட்பார் இல்லை. குவாரிக் கழிவுக் கல் அதில் கிடந்தாலும் சரி, சீமைக்கருவேலம் அடைத்தாலும் சரி.

எனவே தூர்வாரும் மதிப்பீட்டை மலையடிவாரத்தில் தொடங்கி எழுதச் சொல்லுங்கள். உங்கள் நிருபரும் அடுத்த முறை கரையில் நின்று படம் எடுப்பதோடு திரும்பாமல், ஒரே ஒரு வரத்துக்கால்வாயை அது தொடங்கும் இடம் வரை நடந்து பார்த்து, எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று சர்வே எண்ணோடு எழுதட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அது அச்சில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
மேலூர், மதுரை மாவட்டம்.