'விடுதலை' என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு,

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர் மேல்முறையீடு முடியும் முன்பே ஜாமீனில் வெளியே வந்தால், பத்திரிகைகள் 'விடுதலை' என்று தலைப்புப் போட்டுவிடுகின்றன. கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்த ஒரு சொல்லை நம்பி, தண்டனை பெற்றவரின் வீட்டார் வழக்கு முடிந்தது என்று வக்கீலைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். கொலையில் ஒருவரைப் பறிகொடுத்த வீட்டாரோ இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஓய்ந்துவிடுகிறார்கள். நிறுத்திவைக்கப்படுவது தண்டனை மட்டும்தான். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது.

இரண்டு ஊர்களுக்கும் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். கெடு 60 நாள். வக்கீல் வைக்க வழியில்லாதவர், கடலூரின் கேப்பர் மலைச் சிறையிலோ புதுச்சேரியின் காலாப்பட்டுச் சிறையிலோ, சிறை அதிகாரியிடமே மேல்முறையீட்டு மனுவைக் கொடுக்கலாம். அவர் அதை அனுப்பியாக வேண்டும். தண்டனையை நிறுத்திவைக்கக் கோரித் தனி மனு வேண்டும். இதற்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 430ஆம் பிரிவு. கொலை வழக்கில் அரசு வழக்கறிஞர் எழுத்துமூலம் ஆட்சேபிக்க வாய்ப்பளிக்காமல் உத்தரவிட முடியாது.

இந்த மனு தோற்பது பெரும்பாலும் எழுதிய விதத்தால். வயதான தாய், சிறு பிள்ளைகள் என்று பக்கம் பக்கமாகப் போகும். தீர்ப்பில் உள்ள ஓட்டை ஒரே வரியில் வரும். விசாரணைக் காலத்தில் ஜாமீனை ஒழுங்காகப் பயன்படுத்தினார் என்பது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தாலே தீர்ப்பு நிற்காது என்று தெரிய வேண்டும். சாட்சியங்களை இந்தக் கட்டத்தில் மறுபடி அலச மாட்டோம் என்பது அதே நீதிமன்றத்தின் 2023 தீர்ப்பு. மற்றொரு வழி, மேல்முறையீடு விசாரணைக்கே வராமல் ஆண்டுகள் கடப்பது. அதற்கு உச்ச நீதிமன்றத்தின் 1977 காஷ்மீரா சிங் தீர்ப்பு துணை. சிறையில் கழித்த காலத்துக்கான சான்றைச் சேர்க்க மறக்கக் கூடாது.

உத்தரவு வந்தாலும் கதவு திறந்துவிடாது. புதுச்சேரியின் பாகூர்க்காரருக்கு ஜாமீன் நிற்கும் சொந்தக்காரர் எல்லைக்கு அந்தப் பக்கம் கடலூர் மாவட்டத்தில் இருப்பார். 'உள்ளூர் ஜாமீன்தாரர்' என்று நிபந்தனை இருந்தால் அங்கேயே நின்றுவிடும். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கும் வழி சொன்னது: 7 நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதமாகியும் பிணைப்பத்திரம் தராவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். இதைக் கேட்டு வாங்குவோர் குறைவு என்பதுதான் வேதனை.

வெளியே இருக்கும் நாள் தண்டனையில் கழியாது. 4 ஆண்டு உள்ளே, 6 ஆண்டு வெளியே இருந்தபின் மேல்முறையீடு தள்ளுபடியானால், கணக்கில் 4 ஆண்டுதான். கொலைக்கு ஆயுள் தண்டனை என்றால் நடைமுறைச் சட்டப்படி 14 ஆண்டு சிறையிலேயே கழித்தாக வேண்டும் என்பதால், அந்தச் சட்டத்தின்கீழ் அரசு தரும் தண்டனைக் குறைப்பில் வெளியே வர இன்னும் 10 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

கொலையுண்டவரின் குடும்பமும் வக்கீல் வைத்துத் தன் தரப்பைச் சொல்லலாம். மிரட்டல் வந்தால் ஜாமீனை ரத்து செய்ய மனுப் போடும்படி அரசு வழக்கறிஞரிடம் எழுதிக் கொடுக்கலாம். 'தண்டனை நிறுத்திவைப்பு, மேல்முறையீடு நிலுவையில்' என்று இனி அச்சிடுங்கள்.

வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்