மெகாபைட்டுக்கு ஏழு ரூபாய்

பாளையங்கோட்டை

அன்புள்ள குமரேசா,

நான்கு மாதமாக உனக்குப் பதில் எழுதாததற்கு மூட்டுவலியைச் சாக்காகச் சொன்னால், எழுதுவது கையால்தானே என்பாய். உண்மைக் காரணம் வெட்கம். ஒரே மின்னூல் எனக்கு 150 ரூபாய், உனக்கு ஐந்து அமெரிக்க டாலரா என்று நீ கொதித்திருந்தபோது, "சிங்கப்பூரிலும் பாளையங்கோட்டையிலும் தேநீர் ஒரே விலையா?" என்று கேலி செய்து அனுப்பியவன் நான். சென்ற மாதம் அந்தக் கேலி கடன் அட்டைக் கணக்காக என் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது.

அயல்நாட்டுக் கடை ஒன்றில் ஏறத்தாழ 1,700 ரூபாய்க்கு ஒரு மின்னூல் வாங்கினேன். கணக்கில் அந்தத் தொகைக்குக் கீழே 59 ரூபாய் 50 காசு தனியாக நின்றது. அது அந்நியச் செலாவணிக்கான மூன்றரை விழுக்காட்டுக் கூடுதல் கட்டணம். அதற்கும் கீழே, அந்தக் கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியாக 10 ரூபாய் 71 காசு. வாங்கும்போது இவற்றில் ஒன்றுகூடத் திரையில் இல்லை. முப்பத்தொரு ஆண்டுகள் வங்கியில் அமர்ந்து, இதே கட்டணத்தை ஊராருக்கு விளக்கிச் சொன்னவனுக்கு இந்தக் கதி! சரஸ்வதி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

நாட்டுக்கு நாடு விலை மாறுவதை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன். டாலர் விலையை அப்படியே ரூபாயாக்கினால் இங்கே எத்தனை பேர் வாங்குவார்கள்? காட்டிய விலைக்குப் பின்னால் இன்னொரு விலையை வைத்திருப்பதுதான் பொறுக்கவில்லை. இதுவும் புதிதல்ல. 2009இல் அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் அமெரிக்காவுக்கு வெளியே விற்பனைக்கு வந்தபோது, அங்கே 9.99 டாலருக்குக் கிடைத்த பல நூல்கள் வெளிநாட்டு வாசகர்களுக்கு 11.99 டாலராக இருந்தன. கம்பியில்லா இணைப்பு வழியாக நூலை அனுப்பும் செலவு அந்த இரண்டு டாலருக்குள் அடங்கியிருந்தது. கப்பலில் வரும் மூட்டைக்குக் கூலி கேட்டால் புரிகிறது. காற்றில் வரும் எழுத்துக்குமா? உன் பக்கத்திலும் 2020 முதல் அயல்நாட்டு மின்சேவைகளுக்கு ஜிஎஸ்டி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு. நீ கொதித்த ஐந்து டாலரில் அந்த வரி சேர்ந்திருந்ததா என்று பார்த்தாயா?

இவ்வளவும் வாங்குகிறவர் கதை. என் தூக்கத்தைக் கெடுப்பது நீ விற்கப்போகும் கதை. தாமிரபரணிப் படித்துறைப் படங்களை அச்சிடாமல் நேரே மின்னூலாகப் போடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். முதலில் வரியைக் கேள். இங்கே அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. 2018 ஜூலையில், அச்சு வடிவமும் உள்ள மின்னூலுக்கு வரியை 5 விழுக்காடாகக் குறைத்தார்கள். அச்சில் வராத மின்னூல் 18 விழுக்காட்டிலேயே நின்றுவிட்டது. காகிதத்தில் பிறக்காத பிள்ளைக்குச் சலுகை இல்லையாம்!

அடுத்தது கிண்டில் மின்னூல் கடையின் கணக்கு. அங்கே எழுத்தாளருக்கு 70 விழுக்காடு ராயல்டி என்று ஒன்றும் 35 விழுக்காடு என்று ஒன்றும் உண்டு. யாராக இருந்தாலும் முதலாவதைத்தான் எடுப்பார்கள். ஆனால் அதை எடுத்தால் கோப்பின் எடைக்கு ஏற்ப, இந்திய விற்பனையில் மெகாபைட்டுக்கு 7 ரூபாய் விநியோகக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டுதான் பங்கு பிரிப்பார்கள். வெறும் எழுத்து மட்டும் உள்ள நாவலுக்கு இது கொசுக்கடி. உன் நூல் முழுக்கப் படம். சுருக்கினாலும் 12 மெகாபைட்டுக்குக் குறையாது. வரியை ஒதுக்கிவிட்டே பார்ப்போம். 150 ரூபாய் விலையில் 84 ரூபாய் கட்டணம் போனால் மிச்சம் 66, அதில் 70 விழுக்காடு 46 ரூபாய் 20 காசு. விநியோகக் கட்டணமே இல்லாத 35 விழுக்காட்டில் உனக்குக் கிடைப்பதோ 52 ரூபாய் 50 காசு. பெரிய எண்ணைப் பார்த்துக் கையெழுத்திடுகிறவருக்குச் சிறிய தொகை! நம் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் இதைத் தேர்வில் கேட்டு நம் இருவரையும் பெஞ்சில் ஏற்றியிருப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது, இது காசில் தெரியாது. இந்திய விற்பனைக்கு அந்த 70 விழுக்காடு வேண்டுமானால், நூலின் மின்வடிவை வேறெங்கும் விற்பதில்லை, இலவசமாகவும் தருவதில்லை என்று தொண்ணூறு நாள் ஒப்பந்தத்துக்கு உடன்பட வேண்டும். நாமாக நிறுத்தாவிட்டால் அது தானாகவே புதுப்பிக்கப்படும். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இந்த நூலை இலவசமாகக் கொடுப்பதாக நீ சொல்லிவிட்டாய் அல்லவா? தலைமையாசிரியை சென்ற வாரம்கூட என்னிடம் கேட்டார். அந்த ஒப்பந்தத்தில் நீ சேர்ந்துவிட்டால் நான் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆகவே 35 விழுக்காட்டையே எடுத்துக்கொள் என்பது என் எண்ணம். உன் மருமகன் வேறு சொன்னால், மேலே உள்ள கூட்டல் கழித்தலை அவரிடம் காட்டு. அச்சுக்கு நூறு பிரதி மட்டும் போடுவதென்றால் என்ன செலவாகும் என்று நம் சண்முகத்திடம் விசாரிக்கிறேன். அவன் சொல்லும் தொகையில் பாதியை நம்பலாம் என்பது உனக்குத் தெரிந்ததே.

அக்காவுக்குக் கண் அறுவை நன்றாக முடிந்தது, உன்னை விசாரித்தாள். படங்களை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கிக்கொள். குறுக்குத்துறைப் படம் ஒன்றை மட்டும் சுருக்காமல் விட்டுவிடு. அதன் ஓரத்தில் வேட்டியைப் பிழிந்துகொண்டு நிற்பவர் வாத்தியார்தான் என்று அக்கா அடித்துச் சொல்கிறாள். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுது.

உன்,
சுப்பையா