மினிமம் கட்டினால் கடன் தீராது என்பதைத் தமிழில் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் பகுதியில் பனியன் கம்பெனிக்குப் போகும் பிள்ளைகள் பலரிடம் இப்போது கிரெடிட் கார்டு இருக்கிறது. ஸ்டேட்மென்ட் புரியாவிட்டால் என்னிடம் எடுத்து வருவார்கள். போன வாரம் வந்த தையல் பிரிவு சூப்பர்வைசர் தம்பி கேட்டார்: "மாசாமாசம் தவறாம மினிமம் கட்டிப்போடறனுங்க சார். அப்புறமும் பாக்கி குறையவே மாட்டேங்குதுங்களே?"

ஸ்டேட்மென்ட்டின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். பாக்கி சுமார் 40,000 ரூபாய். மினிமம், அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, பாக்கியில் 5 சதவீதம், 2,000 ரூபாய். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,400 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 252 ரூபாய். ஆக, கட்டிய 2,000-ல் அசலுக்குப் போனது 348 ரூபாய்தான். அவர் அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முழுத் தொகையையும் கட்டாமல் பாக்கி வைத்தால், புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. மளிகைக் கடையில் கார்டைத் தேய்த்த அன்றிலிருந்தே வட்டி ஓடும். இதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வீட்டு நகையை வங்கியில் வைத்தாவது இந்தக் கடனை முதலில் அடைக்கச் சொன்னேன். ஆண்டுக்கு 42 சதவீத வட்டி எங்கே, நகைக்கடன் வட்டி எங்கே!

கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தந்த தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. வாடிக்கையாளருக்கு விவரம் தெரிந்திருப்பது ஒன்றுதான் இப்போது பாதுகாப்பு.

மினிமம் மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுக்கும் என்று ஸ்டேட்மென்ட்டில் எச்சரிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதிமுறை. என்னிடம் வந்த ஸ்டேட்மென்ட்களில் அது பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்கு அதைத் தமிழில், மினிமம் தொகைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்க ஏற்பாடு செய்யும்போது, முழுத் தொகையா மினிமமா என்பதையும் வங்கி ஊழியர் வாயால் விளக்கிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தம்பிக்கு மினிமம் என்றே பதிந்து கொடுத்திருந்தார்கள்.

– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருப்பூர்