கதவைத் தட்டும் முன் ஒரு போன்: தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

"அண்ணா, டீம் லீடர் ஆன உடனே ட்ரெய்னிங்குக்கு அனுப்பறாங்க. அடுத்தவங்க மனசையும் நம்ம மனசையும் புரிஞ்சுக்கக் கத்துத் தர்றாங்களாம். பத்து வருஷமா அதைத்தானே செஞ்சுட்டிருக்கோம்?" என்று ஞாயிற்றுக்கிழமை சிரித்தாயே, அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. லண்டனில் அதே அம்பிட் (AMBIT, சிக்கலில் இருக்கும் பிள்ளைகளோடு வேலை செய்யும் நம்மைப் போன்ற குழுக்களுக்கான முறை) பயிற்சிக்கு நானும் அப்படிச் சிரித்துக்கொண்டுதான் போனேன்.

இதன் வேர் நோயாளிகளுக்கான ஒரு சிகிச்சையில் இருக்கிறது. மனநல மருத்துவர் ஆந்தனி பேட்மனும் உளவியலாளர் பீட்டர் ஃபோனகியும் அதை, பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் ஆடும் மனநலச் சிக்கல்) உள்ளவர்களுக்குப் பகல்நேர மருத்துவமனையில் 18 மாதம் வரை கொடுத்துப் பார்த்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சியும் குறைந்திருந்தன. மென்டலைசிங் என்ற சொல் அந்த வழியாகத்தான் நம் வேலைக்குள் வந்தது. ஒருவர் செய்கையைப் பார்த்து, உள்ளே என்ன ஓடியிருக்கும் என்று ஊகிப்பது; அது ஊகம்தான் என்பதை மறக்காமலும் இருப்பது. இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் தவறவிடுகிறோம். அதனால் இதை 'மனதை வாசிப்பது' என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிப்பதில்லை. வாசிக்க முடியாது என்பதுதானே பாடமே.

பிறகு லண்டனில் குழந்தைகள் மனநலத்துக்கான அன்னா ஃபிராய்ட் மையத்தில் டிக்கன் பெவிங்டன், பீட்டர் ஃபகிள் போன்றவர்கள் இதை நம்மைப் போன்ற குழுக்களின் பக்கம் திருப்பினார்கள். கிளினிக்குக்கே வராத பிள்ளைகள், போதை, போலீஸ், பள்ளியில் பெயர் நீக்கம் என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகளைத் தேடிப் போகிறவன் கீ வொர்க்கர். பயந்துபோன பிள்ளைக்கு மட்டும்தான் யோசனை ஓடாது என்றில்லை. பயந்துபோன கீ வொர்க்கருக்கும் ஓடாது. ஆகவே பிள்ளையைச் சுற்றிப் பத்து பேரை நிறுத்துவதை விட, அந்தப் பிள்ளை கொஞ்சமாவது நம்புகிற ஒரு ஆளைச் சுற்றிக் குழு நிற்கட்டும் என்றார்கள். எனக்கு உறைத்த இடம் இதுதான்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். பதினைந்து வயதுப் பையன். மூன்று வாரமாகக் கதவு திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தம் கேட்கிறது. மழையில் நின்று நின்று எரிச்சல் தலைக்கேறிவிட்டது. 'அவனுக்கு அக்கறை இல்லை, கேஸை மூடிவிடலாம்' என்று முடிவே செய்துவிட்டேன். படிக்கட்டில் இருந்தபடி டீமில் மூத்த ஒரு அம்மாவுக்குப் போன் போட்டு, எடுத்த எடுப்பில் புலம்பத் தொடங்கினேன்.

"நில்லு," என்றார். "இந்தப் போன்ல உனக்கு என்ன வேணும்? எத்தனை நிமிஷம் இருக்கு?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் யோசித்தபோதே மூச்சு கொஞ்சம் இறங்கியது. "கேஸை மூடலாமான்னு தெரியணும். பத்து நிமிஷம்." அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார். அடுத்து, "இப்ப நீ எப்படி இருக்கே?" என்றார். கோபம் என்று சொல்ல வாயெடுத்தேன்; "பயமா இருக்கு, உள்ளே அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்று வந்தது. "சரி, அவனுக்கு?" அந்த ஒரு வருடத்தில் அவனிடம் வந்து போனவர்களில் நான் நான்காவது ஆள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இவன் எத்தனை நாள் தட்டுவான் என்று அவன் பார்த்துக்கொண்டிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கடைசியில் அவர் மறக்காமல் தொடங்கிய இடத்துக்கே வந்தார்: "இப்ப சொல்லு, மூடறியா?"

மூடவில்லை. அவன் அம்மாவை வேலையிடத்தில் கூப்பிட்டு, அவன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று உறுதி செய்துகொண்டேன். அவனுக்கு ஒரு மெசேஜ்: "இன்னிக்கு எரிச்சலோட தட்டினேன், உனக்கே கேட்டிருக்கும். வியாழக்கிழமை மறுபடி வரேன்."

என்ன வேண்டும் என்று முதலில் சொல்வது, நடந்ததைச் சுருக்குவது, என் மனசையும் அவன் மனசையும் ஊகிப்பது, தொடங்கிய கேள்விக்குத் திரும்புவது: போனில் நடந்த அந்த நாலு படிதான் பயிற்சியில் உனக்கும் சொல்லித் தருவார்கள். படிப்பது சுலபம், நடிப்பதும் சுலபம், அதைத்தான் எச்சரிக்கிறேன். எங்கள் டீமில் ஒரு கட்டத்தில் "நீ மென்டலைஸ் பண்ணலை" என்பதே வசவாகிப்போனது. அப்படிச் சொல்கிறவர் அந்த நிமிடம் அதைச் செய்யவில்லை என்று அர்த்தம். டீம் லீடராக நீயே முதலில் யாருக்காவது போன் போட்டு, "எனக்குத் தலை ஓடலை, அஞ்சு நிமிஷம் குடு" என்று எல்லார் காதிலும் விழும்படிக் கேள். உனக்குக் கீழே இருப்பவர்கள் அதற்குப் பிறகுதான் கேட்பார்கள்.

வியாழக்கிழமை கதவு திறந்தது, சங்கிலியைக் கழற்றவில்லை. அந்த இடுக்கு வழியாகவே பத்து நிமிடம் பேசினோம், பெரும்பாலும் ஆர்சனல் பற்றி.

பயிற்சி முடிந்ததும் கூப்பிடு. செவ்வாய் இரவு எனக்கு டியூட்டி, அன்றைக்கு வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்